கடைசிப் பொத்தான்: வேலூர் முதல் டோனாவூர் வரை

முதல் நாள்: பாகாயம்

காட்பாடியில் இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மடியில் ஸ்கேன் கவர், மீதிப் பேர் பேச்சில் வங்காளம். வேலூர் பஸ் எப்போதும் இப்படித்தான். கோட்டையைத் தாண்டி, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கூட்டம் மொத்தமாக இறங்கிவிட்டது. நான் கடைசி நிறுத்தமான பாகாயம் வரைக்கும் போனேன்.

அக்கா இங்கே வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மருமகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அதாவது சி.எம்.சி.யின் மனநலத் துறையில் பிள்ளைகளுக்கென்று ‘நம்பிக்கை நிலையம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டு வரும் இடமில்லை அது. தாயோ தகப்பனோ கூடவே இருந்து பயிற்சி எடுக்க வேண்டும். அவர்கள் இருவரையும் ஊருக்குக் கூட்டிப் போகத்தான் நான் வந்தேன். அப்படியே நெல்லைப் பக்கம் நான்கு நாள் சுற்றலாம் என்பது என் திட்டம். அக்காவின் திட்டம் வேறாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

சி.எம்.சி. கதையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று ஒரே ராத்திரியில் மூன்று கர்ப்பிணிகள் செத்துப்போனதும், அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவுக்குப் போய் டாக்டராகத் திரும்பி வந்ததும், 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததும் ஞாயிறு பள்ளியில் எனக்கு மனப்பாடம். நான் கேள்விப்படாதது இந்த மனநல மையத்தின் கதை. 1950களில் கனடாவிலிருந்து வந்த ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற டாக்டர் ஆரம்பித்தது. மனநோயாளியைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டார் கைகழுவுவதுதான் அப்போது வழக்கம். இங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். நர்ஸுகள் போதவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கே கற்றுக் கொடுப்பது என்பது இல்லாமையிலிருந்து பிறந்திருந்தாலும் நல்ல யோசனைதான்.

நான் போனபோது மருமகன் குளித்து முடித்துத் துண்டோடு நின்றான். என்னைப் பார்த்து ஒரு குதி குதித்தான். ‘மாமா’ என்பதற்கு அது அர்த்தம். பைக்குள் வைத்திருந்த பேட்டரி காரை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பொம்மையோடு வருவேன். இப்போது யோசித்தால், அவனோடு தனியாக அரைமணி நேரம் உட்காரத் தெரியாததற்கு நான் கட்டிவந்த அபராதம் அது.

“ஏலே, அதை உள்ள வை. சட்டை போடுற நேரம்” என்றாள் அக்கா.

சட்டைக்கு ஆறு பொத்தான். அவள் மேலிருந்து ஒவ்வொன்றாக ஐந்தைப் போட்டாள். கடைசியை விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பையன் குனிந்து வயிற்றுக்குக் கீழே இருந்த அந்த ஒன்றைப் பார்த்தான். விரல் நழுவியது. மறுபடி பிடித்தான். துணியை இழுத்தான். நான் பொறுக்கமாட்டாமல், “போடு கண்ணா, போடு, அப்படித்தான், உள்ள தள்ளு” என்று ஆரம்பித்தேன். அக்கா முழங்கையால் என்னை ஓர் இடி இடித்தாள்.

பொத்தான் உள்ளே போனது. பையன் கையைத் தட்டிக்கொண்டான்.

பிறகு விளக்கினாள். முதல் பொத்தானிலிருந்து கற்றுக்கொடுத்தால் இரண்டாவதில் அவன் சோர்ந்துவிடுவான். மீதியை அம்மா போட்டு முடிப்பாள். அப்போது அவன் கற்றுக்கொள்வது, ‘எதையும் அம்மா முடிப்பாள்’ என்பதைத்தான். கடைசியிலிருந்து ஆரம்பித்தால், வேலையை முடித்த சந்தோஷம் ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கிடைக்கும். ஒன்று பழகியதும் கடைசி இரண்டு, அப்புறம் மூன்று என்று மேலே ஏறலாம். பல் தேய்ப்பது, செருப்பு மாட்டுவது எல்லாம் இதே கணக்குதான். செருப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்னொரு விதி, ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். நாம் பேசப் பேச, அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புதிதாகக் கேட்டுப் புரிய வேண்டிய இன்னொரு வேலை ஆகிவிடுமாம்.

“எண்ணுறதுதாம்ல கஷ்டம். மூணுலயே எனக்குக் கை நீளும்” என்றாள்.

ஒன்பது வருஷமாக இந்தப் பிள்ளைக்காக அழுதவர்கள், உபவாசம் இருந்தவர்கள், எண்ணெய் பூசியவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். பத்து வரைக்கும் எண்ணச் சொன்னவர்கள் இவர்கள்தான்.

மாலையில் வளாகத்தைச் சுற்றி நடந்தோம். பாகாயத்தில்தான் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மேரி வர்கீஸ் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே படித்த டாக்டர். 1954இல் வண்டி விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், பிறகு மறுவாழ்வுத் துறையைக் கட்டினார். அந்தப் பக்கம் வரிசையாகச் சக்கர நாற்காலிகள் போவதைப் பார்த்து மருமகன் நின்றுவிட்டான். அவனுக்குச் சுற்றுகிற எதுவும் பிடிக்கும். ஒரு அண்ணன் வேண்டுமென்றே அவன் முன்னால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள்: பஸ்

நேற்றே எழுதியிருக்க வேண்டும். முடியவில்லை. எழுதும் நிலையில் யாரும் இல்லை.

ஆம்னி பஸ்ஸில் பதிவு செய்தது நான். எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கடைசி நேரத்தில் எடுத்ததால் நடுவில் இரண்டு இருக்கை, பின்னால் ஒன்று. ஏறியதும் டிவியில் சண்டைப் படம், தலைக்கு மேலே ஸ்பீக்கர், கூடவே நீல விளக்கு. அக்கா காதை மூடும் ஹெட்போனை மாட்டிவிட்டாள், மடியில் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அவன் உலகத்தையே மறந்துவிடுவான். திருவண்ணாமலை வரை அப்படித்தான் ஓடியது. அப்புறம் பஸ் ஒரு குழியில் விழுந்து தண்ணீர் சட்டையில் கொட்ட, அதே நொடியில் படத்தில் ஏதோ வெடிக்க, பையன் ஆரம்பித்தான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அடம் பிடிக்கிற அழுகை இல்லை அது. உடம்பு முழுக்கத் தீப்பிடித்தவன் போடுகிற கூச்சல். தலையை முன் சீட்டில் மோதினான். அக்கா தன் உள்ளங்கையை நடுவில் வைத்துக்கொண்டாள், அவன் மோதுவது அவள் கையில் விழுந்தது.

முன்னால் இருந்தவர் திரும்பி, “பிள்ளையைக் கூடச் சமாளிக்கத் தெரியாதா?” என்றார். பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து நெற்றியில் பூசினார். அதில் எனக்கு வருத்தமில்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். அடுத்து வந்தவர்தான். என் சட்டைப் பையில் இருந்த சிறிய வேதப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நம்ம பிள்ளைங்கதானா? வீட்டுல முன்னோர் சாபம் ஏதாவது இருக்கும் தம்பி. உபவாசக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

இது முதல் தடவை இல்லை. அக்கா திருச்சபைக்குப் போவதை நிறுத்தியதே இதனால்தான். ஒரு கூட்டத்தில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) மேடைக்கு அழைத்து, பையன் தலையில் கை வைத்து, மைக்கில் கத்திக் கத்தி ஜெபித்தார்கள். காதில் சத்தம் தாங்காத பிள்ளைக்கு மைக்! அவன் கதறினான். கதறக் கதற, ‘ஆவி போகமாட்டேன் என்கிறது’ என்று இன்னும் சத்தம் கூட்டினார்கள். பெற்றவர்கள் செய்த பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கையிடச் சொன்னார்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்கிற கேள்வியும் இதுவேதான்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்று இயேசு பட்டென்று சொல்லிவிடுகிறார். வேதத்தை வரிவரியாகச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பதில் மட்டும் எப்படி மறந்துபோகிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

பஸ்ஸில் உருப்படியாகக் கேட்ட ஆள் ஒருவன்தான். கிளீனர் பையன், இருபது வயது இருக்கும். நடந்து வந்து அக்காவிடம், “எது புடிக்கலக்கா அவனுக்கு?” என்றான். அக்கா மேலே கையைக் காட்டினாள். அவன் போய்ப் படத்தை நிறுத்தினான், விளக்கை அணைத்தான். முன் சீட்டுக்காரர் ‘கிளைமாக்ஸ் போச்சே’ என்றார். பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. விழுப்புரம் தாண்டும்போது பையன் என் தோளில் தூங்கினான். ஈரச் சட்டையை மாற்றக்கூட இல்லை.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். ‘தெய்வக் குழந்தை’ என்று சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூடத் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எங்கள் பையனைக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள்: பாளையங்கோட்டை

அக்கா வீடு சமாதானபுரத்தில். காலையில் தூங்கி எழுந்ததும் அவள் திட்டம் வெளியே வந்தது. திங்கட்கிழமை பையனை இங்கே ஒரு சிறப்புப் பள்ளியில் சேர்க்கிறாள். அதற்கு முன் பழைய வாத்தியார் ஒருவரைப் பார்க்க வேண்டும், நானும் வர வேண்டும்.

அதற்கு முன்னால் நான் மட்டும் ஒரு நடை போய்வந்தேன். பாளையங்கோட்டையில் நடந்தால் கால் தடுக்குகிற இடமெல்லாம் பள்ளிக்கூடம்தான். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்ட் என்று பெருமை பேசுவோம். ஊசிக் கோபுரத் தேவாலயத்தடியில் நின்றபோது தோன்றியது, இந்தப் பெருமையில் ஒரு பகுதியை நாங்களே சொல்ல மறந்துவிடுகிறோம். பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று இந்தியாவில் முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் வந்தது. மூன்றே வருஷத்தில், 1890இல், இங்கே ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் ஒன்றை ஆரம்பித்துவிட்டார். காதுகேளாத பிள்ளைகளுக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அதே பத்தாண்டுக்குள் தொடங்கினார். பம்பாய், கல்கத்தாவுக்கு அடுத்து இந்த ஊர். அதாவது மாகாணத் தலைநகரம்கூட இல்லாத, தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஓர் ஊர்.

சாரா டக்கர் கல்லூரி வாசலைக் கடக்கும்போது இன்னொரு நினைப்பு. அந்த சாரா டக்கர் இங்கே வந்ததே இல்லை. உடல் ஊனமுற்றவர், இங்கிலாந்திலேயே இருந்தபடி, மெட்ராஸில் மிஷனரியாக இருந்த அண்ணன் எழுதுகிற கடிதங்களைப் படித்துவிட்டு இங்கத்துப் பெண்பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் திரட்டி அனுப்பியவர். தினமும் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் பெயரை ஐடி கார்டில் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

மிஷனரிகள் ஆள் சேர்க்கத்தான் செய்தார்கள் என்பார்கள். சேர்த்தார்கள்தான், மறைக்க ஒன்றுமில்லை. நாங்களே அப்படிச் சேர்ந்த குடும்பம். ஆனால் ஆள் சேர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், கண் தெரியாத பிள்ளைக்கு அரிச்சுவடியைப் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுக்க உட்கார்வதைப் போல மெதுவான வழி உலகத்தில் வேறில்லை.

வாத்தியார் வீடு முருகன்குறிச்சிப் பக்கம். பிறவியிலேயே பார்வை இல்லை. படித்து, வாத்தியாராகவே வேலை பார்த்து, ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் பார்வை உண்டு. காதுகேளாத பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவர். நாங்கள் போனதும் வாத்தியார் மருமகன் கையைப் பிடிக்கவில்லை. தன் கையை நீட்டிக் காற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பையனாக வந்து இரண்டு விரலைப் பிடித்தான். நான் மனசுக்குள் எண்ணியிருந்தால் பன்னிரண்டாவது ஆகியிருக்கும்.

பிரெயில் பலகையை எடுத்துக் காட்டினார். கெட்டித் தாளை இரண்டு தகட்டுக்கு நடுவில் மாட்டி, ஊசி போன்ற எழுத்தாணியால் குத்துவது. எழுதுவது வலமிருந்து இடம். தாளைத் திருப்பினால் மேடு மேலே வரும், படிப்பது இடமிருந்து வலம். ‘டக், டக்’ என்கிற சத்தம் பையனுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

“என்ன எழுதட்டும்?” என்றார்.

“அம்மா” என்றேன். வேறென்ன சொல்ல.

ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிக்கு இடம். அவர் குத்தக் குத்தச் சொல்லிக்கொண்டே வந்தார். ‘அ’ என்றால் முதல் புள்ளி மட்டும். ‘ம்’ எழுத, முதலில் நாலாம் புள்ளி, அதுதான் மெய்யெழுத்தின் புள்ளி, அது எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். பிறகு ‘ம’. அடுத்து ‘மா’வுக்கு ‘ம’ போட்டு, காலுக்குப் பதிலாக முழு ‘ஆ’வையே பக்கத்தில் வைத்துவிட வேண்டும். நாம் மூன்று எழுத்தில் எழுதுவதற்கு ஐந்து கட்டம். “உங்க எழுத்துல ‘கொ’ எழுத ஒரு கொம்பை முன்னால போட்டு, காலைப் பின்னால போட்டு, நடுவுல ‘க’வை மாட்டி வைப்பீங்க. எங்களுக்கு அந்தத் தலைசுத்தல் இல்ல. ‘க’ போட்டு ‘ஒ’ போட்டா தீர்ந்துச்சு. வாய் எப்படிச் சொல்லுதோ அதே வரிசை” என்று சிரித்தார். இந்தியாவில் மொழிக்கொரு பிரெயில், மிஷனுக்கொரு பிரெயில் என்று கிடந்ததை எல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவந்து ‘பாரதி பிரெயில்’ ஆக்கியது 1951இல். தமிழ் ‘க’வும் இந்தி ‘க’வும் விரலுக்கு ஒன்றுதான்.

தாளைத் திருப்பிப் பையனின் ஆள்காட்டி விரலைத் தானாக வரவிட்டார். அவன் தடவினான், முகர்ந்தான், கன்னத்தில் தேய்த்துக்கொண்டான். படிப்பு இல்லைதான். ஆனால் சந்தோஷம்.

டீ வந்தது. டீச்சரம்மா டம்ளரை வாத்தியார் முன்னால் வைத்து, “மூணு மணில இருக்கு” என்றார். கடிகார முள் கணக்கு. வலது கைப் பக்கம். வாத்தியார் நேராகக் கையை நீட்டி எடுத்தார். “ஸ்கூலுக்கு டிசம்பர் மாசம் நிறைய பேர் வருவாங்க. கேக்கு, பிஸ்கட், போர்வை. பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டுக் கண்ணைத் தொடைச்சுக்குவாங்க. மூக்கு உறிஞ்சுற சத்தம் எங்களுக்குக் கேக்கும்லா? ஆனா டீயை மட்டும் மேசைல எங்கயாவது வச்சிட்டுப் போயிருவாங்க. தடவுனா கொட்டும். ‘மூணு மணி’ன்னு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வராது.”

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு இல்லத்துக்குக் கேக் கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். சொல்லவில்லை.

டீச்சரம்மா எங்களை ஒரு கண்ணாடி முன்னால் நிறுத்தினார். “சத்தம் வராம, வாயை மட்டும் அசைச்சு ‘அப்பா’ன்னு சொல்லுங்க. இப்ப ‘அம்மா’.” சொன்னோம். இரண்டும் ஒன்றேதான்! உதடு ஒரே மாதிரி மூடுகிறது, ஒரே மாதிரி திறக்கிறது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் ஒரே சொல். ‘ப’வுக்கு மெழுகுவத்திச் சுடர் ஆடும், ‘ம’வுக்கு மூக்குத்தண்டு அதிரும். அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டித்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு வாரம்கூட ஆகும் என்றார். 1880இல் மிலான் நகரத்தில் கூடிய வாத்தியார்கள் மாநாடு, சைகை கூடாது, வாயால்தான் பேச வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டதாம். கூடியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்கிறவர்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகம் முழுக்க நூறு வருஷம் விழுந்து கிடந்தது. “ஹாஸ்டல் லைட்டை அணைச்ச பிறகும் பிள்ளைக கைல பேசிக்கிட்டேதான் இருக்கும். நாம என்ன தடுக்குறது” என்றார். சைகையில் அப்பாவுக்கு மீசை, அம்மாவுக்கு மூக்குத்தி. குழப்பமே இல்லை.

கிளம்பும்போது டீச்சரம்மா சொன்ன ஒன்றை இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் செவிடன் ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் முதலில் செய்வது, அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே கூட்டிப் போவது. அப்புறம் காதில் விரலை வைக்கிறார், நாக்கைத் தொடுகிறார். “காது கேக்காதவன்கிட்ட என்ன செய்யப் போறேன்னு சைகைல சொல்லிட்டுச் செய்யுறாரு பாருங்க. முப்பது வருஷம் பாடம் எடுத்த பிறகுதான் எனக்கு அது உறைச்சுது.” அக்கா ஒன்றும் பேசவில்லை. அந்த மைக் மேடையை நினைத்திருப்பாள்.

திங்கட்கிழமை பள்ளி பற்றி இரண்டு வரி. சாதாரணப் பள்ளி ஒன்றில் முன்பு கேட்டபோது ‘மற்ற பெற்றோர் சங்கடப்படுவார்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. அந்தச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள், ஆட்டிசமும் அதில் அடக்கம். சட்டத்தை எடுத்து நீட்டிச் சண்டை போடலாமே என்றேன். “போடலாம். மொதல்ல அவன் ஆறு பொத்தானையும் போடட்டும்” என்றாள்.

நான்காம் நாள்: டோனாவூர்

நாங்குநேரி தாண்டி மேற்கே திரும்பியதும் மலை எழுந்து நிற்கிறது. களக்காட்டு மலை. வயல், வாழை, குளம், அதற்குப் பின்னால் நீலமாக ஒரு சுவர். பையன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டான், ஒரு சத்தம் இல்லை.

டோனாவூர் என்பது தமிழ்ப் பெயர் போலவே ஒலித்தாலும், ரேனியஸ் என்ற மிஷனரியின் காலத்தில் இங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர். ஆனால் உலகத்துக்கு இந்த ஊரைத் தெரிய வைத்தது ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரர், 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் இங்கேயே இறக்கும் வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901 மார்ச்சில் தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிள்ளைகள். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த அம்மாள் எவ்வளவு சீக்கிரமே ஆரம்பித்திருக்கிறார் என்பது புரியும்.

அனுமதி வாங்கி உள்ளே போனோம். படம் எதுவும் எடுக்கவில்லை, அதனால் இங்கேயும் போடவில்லை. மண்பாதை, பெரிய மரங்கள், சிவப்பு ஓட்டுக் கட்டிடங்கள்.

எனக்கு இங்கே மிகவும் பிடித்தது அவர்கள் வைத்திருந்த உறவு முறை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நம் ஊர்ப் பெண்களுக்கு ‘அக்காள்’. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுக்கு ‘சித்தி’. ஆண்களுக்கு ‘அண்ணாச்சி’. இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் அண்ணாச்சி! மேட்ரன், வார்டன், சூப்பரின்டென்டன்ட் என்று எத்தனையோ சொல் அவர்கள் பாஷையில் இருந்தும், நெல்லைத் தெருவில் நாம் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சொற்களை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தத்துக் கொடுத்ததும் இல்லை. குடும்பத்தில் யாராவது பிள்ளையைத் தத்துக் கொடுப்பார்களா என்பதுதான் அவர்கள் கணக்கு.

ஏமி அம்மாளின் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. நம் கோயில்களைப் பற்றியும் நம் சனங்களைப் பற்றியும் அவர் காலத்து மிஷனரிகள் எழுதியதில் இருட்டு கொஞ்சம் அதிகமாகவே பூசப்பட்டிருக்கும். ஆனால் 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, கடைசி இருபது வருஷத்தில் பெரும்பகுதியை ஓர் அறைக்குள், படுக்கையிலேயே கழித்தவர் அவர். அத்தனை பேரைத் தூக்கி வளர்த்தவரை அந்தப் பிள்ளைகளே தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா இங்கே வர நினைத்ததன் காரணம் மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் வந்தது. “எனக்கப்புறம் இவனை யாருல பாப்பா?”

சிறப்புப் பிள்ளையைப் பெற்ற எல்லாரும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிற கேள்வி. நான் அவசர அவசரமாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று 1999இல் ஒன்று இருக்கிறது, பதினெட்டு வயதானதும் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுப் போட்டு சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம், நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை... எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் காகிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. யார் அவனோடு பத்து வரைக்கும் எண்ணுவது என்று கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டேன். பிறகு, “மூணுலயே கை நீளுதுக்கா எனக்கும். பழகிக்கிடுதேன்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தில் ஏமி அம்மாளுக்குக் கல்வெட்டு கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற கல் தொட்டி ஒன்றை நட்டிருக்கிறார்கள். அதில் அவர் பெயர்கூட இல்லை, அம்மா என்று பொருள்படுகிற ஒரே ஒரு சொல். எங்கள் பையனுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெரிந்தது. பையிலிருந்து தன் இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தொட்டியில் மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி தொட்டியிலேயே ஊற்றினான். வெயில் அந்த ஒழுக்கில் பட்டதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். தடுக்கலாமா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். வழியில் வந்த ஒரு பாட்டி, அங்கேயே வளர்ந்தவராக இருக்க வேண்டும், நின்று பார்த்துவிட்டு, “ஊத்தட்டும். குருவிகளுக்குத்தானே” என்று போய்விட்டார்.

அரைமணி நேரத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு வந்து, வேறு சட்டை எடுத்து மாட்டிவிட்டாள் அக்கா. வேலூரில் ஆரம்பித்து இந்த நாலு நாளில் மேல் பொத்தான் தவிர மற்றதெல்லாம் அவனே போட ஆரம்பித்திருந்தான். மேல் பொத்தான்தான் கஷ்டம், தாடைக்குக் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இன்று அதையும் விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் தடவினான். கல்யாணச் சாமான் வாங்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஆறு. ஏழு. பொத்தான் நழுவியது. நாங்குநேரி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பையன் தோள் ஒருமுறை துள்ளியது, ஆனால் விரலை எடுக்கவில்லை. கண்டக்டர், “ஏறுதீயளா இல்லையா?” என்றார். அக்கா திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. பதினொன்று. பன்னிரண்டு.

பதினேழில் உள்ளே போனது.

பஸ் போய்விட்டது. அடுத்தது நாலரைக்குத்தானாம்.